வானியல் சங்கங்களும் பொதுமக்களும்
(ஓர் உரையின் வாசகம்)

1980ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி பிற்பகல், முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவின் குறுக்கே ஓடியது. கர்நாடகத்தின் மேற்குக் கரையில் புகுந்து, ஆந்திரத்தைக் கடந்து, ஒரிஸ்ஸாக் கடற்கரை வழியாக அது வங்கக் கடலை அடைந்தது. அந்தப் பாதையில் ஆராய்ச்சியாளர்கள் நாடெங்கிலுமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து கருவிகளுடன் காத்திருந்தனர். ஆனால் அதே நேரத்தில் பெரு நகரங்களின் வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. கடைகள் அடைக்கப்பட்டன, ஜன்னல்களுக்குத் திரை இடப்பட்டது, மக்களை வீட்டுக்குள்ளேயே இருத்தும் பொருட்டுத் தொலைக்காட்சியில் திரைப்படம் ஒன்றும் ஒளிபரப்பாயிற்று. வாழ்நாளில் ஒருமுறை காணக் கிடைக்கும் காட்சி, கோடிக்கணக்கானோரின் தலைக்கு மேலே நிகழ்ந்து, அவர்கள் காணாமலேயே கழிந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி காலையில் நிலைமை வேறாக இருந்தது. ராஜஸ்தானத்து நீம்-கா-தானா என்னும் சிற்றூரிலும், வங்காளத்தில் கங்கை முகத்துவாரத்தை ஒட்டிய டயமண்ட் ஹார்பரிலும் மக்கள் திரள் திரளாகத் திறந்த வெளியில் நின்றனர். ரயிலிலும் பஸ்ஸிலும் இரவெல்லாம் பயணம் செய்து வந்த பள்ளி மாணவர்களும் குடும்பங்களும் அவர்களில் இருந்தனர். ஒரு நிமிடத்தை ஒட்டிய அளவே நீடித்த அந்தப் பகல் இருளைக் கண்டு அவர்கள் ஆரவாரம் செய்ததை நாடு தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் கிரகணம் மாறிவிடவில்லை. இடையில் ஹாலி வால்நட்சத்திரம் 1986இல் வந்து சென்றது. அதை ஒட்டிப் பல நகரங்களில் வானியல் சங்கங்கள் தோன்றின. பம்பாயில் 1977லும், டில்லியில் 1984லும், பெங்களூரில் 1989லும் நேருவின் பெயரால் கோளரங்கங்கள் திறக்கப்பட்டன. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மக்கள் விஞ்ஞான அமைப்புகள் கிராமங்களுக்குச் சென்றன. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் எழுதியது. சட்டத்தில் எழுதப்பட்ட வாசகத்தை ஊர்ப் பொட்டலுக்குக் கொண்டு வந்தவர்கள், ஊதியம் ஏதுமின்றி மாலை வேளையில் தொலைநோக்கியைத் தூக்கிச் சென்ற அந்தச் சங்கத்தினரே ஆவர். அவர்களது பணி எத்தகையது, அது எங்கே தளர்கிறது, எவ்வாறு செழிக்கும் என்பதே இந்த உரையின் பொருள்.

இப்பணி நம் நாட்டுக்குப் புதியதன்று. சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் வலைவடிவ விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1868ஆம் ஆண்டின் புகழ்பெற்ற முழுக் கிரகணத்தைத் தனிக் குழுவுடன் வனபர்த்தியில் ஆராய்ந்தவர். ஆனால் இன்றைய சங்கங்கள் அவரை நினைவுகூர வேண்டியதற்கு வேறொரு காரணம் உண்டு. 1874ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கவிருந்தபோது, அதை விளக்கி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் அவர் சிறு நூல் வெளியிட்டார். வானாய்வுக் கூடத்தின் கணக்கு மேஜையில் அமர்ந்தவர், அந்தக் கணக்கின் பொருள் தெருவில் நடப்பவனுக்கும் தெரிய வேண்டும் என்று கருதினார். பஞ்சாங்கக்காரர்களை அவர் பகைத்துக் கொள்ளவில்லை. மாறாக, நேரில் நோக்கிக் கண்ட கிரக நிலைகளைக் கொண்டு தாமே திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றை வெளியிட்டார். இந்தச் சாதுரியம் இன்றும் கற்றுக் கொள்ளத் தக்கதாகும்.

இன்னொருவர் ராதா கோவிந்த சந்திரர். இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸூரில் அரசாங்கக் கஜானாவில் சிற்றூழியராக இருந்தவர். பள்ளி இறுதித் தேர்வில்கூடத் தேறாதவர். 1910இல் ஹாலி வால்நட்சத்திரத்தைக் கண்டது முதல் வானத்தின் மேல் கொண்ட காதலை அவர் விடவே இல்லை. மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தம் சொற்ப வருவாயில் வாங்கினார். அமெரிக்காவின் மாறொளி விண்மீன் நோக்கர் சங்கம் அவரது குறிப்புகளின் நேர்த்தியைக் கண்டு 1926இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அவருக்கு அனுப்பியது. முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அவர் விண்மீன்களின் ஒளியை அளந்து குறித்திருக்கிறார். தேசப் பிரிவினைக்குப் பின் அவர் மேற்கு வங்கத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்தத் தொலைநோக்கியும் அவருடன் எல்லை கடந்து வந்தது. பின்னர் அது வைணு பாப்புவிடம் சேர்ந்து, இறுதியில் தமிழகத்தின் காவலூரை அடைந்தது. ஒரு கருவி ஜெஸ்ஸூரிலிருந்து ஜவ்வாது மலை வரை வந்த கதை, எந்தச் சங்கத்தின் முதற் கூட்டத்திலும் சொல்லத் தக்கது.

சங்கம் என்ற அமைப்பாக இந்தியாவில் மிகப் பழமையானது புனேயின் ஜ்யோதிர்வித்யா பரிசன்ஸ்தா. 1944இல் தொடங்கப்பட்டு, திலகர் நினைவு மந்திரின் மாடியிலிருந்து இன்றளவும் இயங்கி வருகிறது. கோவாவில் 1982இல் தோன்றிய வானியல் நண்பர்கள் சங்கம், பனாஜி நகரின் நடுவே ஓர் அரசுக் கட்டடத்தின் மேல்தளத்தில் பொதுமக்களுக்கான வானாய்வு நிலையத்தை நடத்துகிறது. சந்தைக்குச் செல்பவர் படியேறி வந்து வியாழனைப் பார்த்துவிட்டுப் போகலாம். மழைக்காலம் முடிந்த பின்னரே அது திறக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்; நம் நாட்டில் வானியல், விவசாயத்தைப் போலவே பருவத்துக்குக் கட்டுப்பட்டது.

இனிப் பணியின் நடைமுறைக்கு வருவோம். பெரும்பாலான சங்கங்களின் வரலாற்றில் ஒரே வகையான சுருதி கேட்கிறது. கிரகணத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பதினைந்து பேர். 2003இல் செவ்வாய் பூமிக்கு ஐந்தரைக் கோடி கிலோ மீட்டர் அளவில் நெருங்கி வந்தபோதும், 2004இலும் 2012இலும் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோதும், 2019 டிசம்பர் 26இல் கங்கண கிரகணம் கேரளத்தையும் தமிழகத்தையும் கடந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. அரிய நிகழ்ச்சியைக் கொண்டு மக்களை அழைப்பவர்கள், வானம் என்றாலே அரிதாக நிகழ்வது என்ற எண்ணத்தையும் அறியாமல் விதைத்து விடுகிறார்கள். உண்மையில் நிலவு மாதந்தோறும் வருகிறது.

நிலவைக் காட்ட உகந்த நாள் பௌர்ணமி என்று பலர் எண்ணுகிறார்கள். அனுபவமுள்ள எந்தச் சங்கத்தினரும் இதை மறுப்பார்கள். முழுநிலவின் மேல் சூரிய ஒளி நேரே விழுவதால் குன்றுகளுக்கும் குழிகளுக்கும் நிழல் இல்லை. தொலைநோக்கியில் அது கண் கூசும் வெள்ளித் தட்டாகவே தெரியும். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரையுள்ள நாட்களே சிறந்தவை. அஷ்டமியன்று சூரியன் மறையும் வேளையில் அரைநிலா உச்சியில் நிற்கும். ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லையில் எரிமலை வாய் போன்ற குழிகள் நீண்ட நிழல்களுடன் துலங்கும். மாலை ஆறரை மணிக்கே காட்சியைத் தொடங்கி, குழந்தைகள் உறங்கும் நேரத்துக்குள் முடித்து விடலாம். திதி நம் மக்கள் அறிந்த கணக்கு. ஆங்கிலத் தேதியைத் தாங்கிய அறிவிப்பைவிட, ஒவ்வொரு வளர்பிறை அஷ்டமியும் இன்ன இடத்தில் என்ற அறிவிப்பு ஊரில் எளிதில் நிலைக்கும்.

கூட்டத்தைக் கையாளுவதும் ஒரு கணக்குத்தான். ஒருவர் கண்ணருகு வில்லையில் பார்க்க அரை நிமிடம் என்று வைத்துக் கொண்டாலும், இருநூறு பேருக்கு நூறு நிமிடங்கள் வேண்டும். பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. தொலைநோக்கியின் பார்வைப் பரப்பு அரைப் பாகை என்றால், நடுவில் வைத்த சனிக் கிரகம் ஒரு நிமிடத்தில் விளிம்பைக் கடந்து மறைந்து விடும். எனவே இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இதை அறியாமல் ஒரே கருவியுடன் பெரிய பள்ளிக்குச் செல்பவர்கள், வரிசையின் கடைசியில் நின்ற குழந்தைகளைக் கருப்பு வட்டம் ஒன்றைக் காட்டி அனுப்பி விடுகிறார்கள். அந்தக் குழந்தை எதையும் காணவில்லை என்று சொல்லாது. மற்றவர்கள் பார்த்ததாகச் சொன்னதைத் தானும் சொல்லும். கல்வியில் இதைவிடப் பெரிய நஷ்டம் வேண்டியதில்லை. "என்ன தெரிந்தது? எந்தப் பக்கம் வெளிச்சம் இருந்தது?" என்று ஒவ்வொருவரையும் கேட்கும் ஒரு தொண்டர் கருவியின் அருகே நிற்பாரானால் இந்த நஷ்டம் நேராது.

வேறு சில சில்லறைச் செய்திகளும் உள்ளன; ஆனால் நிகழ்ச்சி வெல்வதும் தோற்பதும் அவற்றில்தான். சிறு குழந்தைகள் ஏறி நிற்க உறுதியான முக்காலி வேண்டும். கருவியைக் கையால் பற்றிக் கொள்வது மனித இயல்பு. பற்றிக் கொள்ள வேறொரு நாற்காலி முதுகை அருகே வைத்து விட்டால் கருவி தப்பும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் குவியத்தை அவர்களுக்கெனத் திருப்பித் தர வேண்டும். புத்தகங்களில் வண்ணப் படங்களைக் கண்டு வந்தவர்களுக்கு ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைக் காட்டுவது ஏமாற்றத்தையே தரும். நகர வானில் அது சாம்பல் நிறப் புகைத் திட்டு. நிலவு, வியாழனின் நான்கு துணைக்கோள்கள், சனியின் வளையம், கார்த்திகைக் கூட்டம் ஆகிய நான்கும் எந்த ஊருக்கும் போதும். சனியின் வளையத்தை முதன்முறை கண்டவர்களில் யாராவது ஒருவர் குழாயின் வாயை எட்டிப் பார்ப்பது வழக்கம், உள்ளே படம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று. அந்தச் சந்தேகத்தை நகைக்கக் கூடாது. விஞ்ஞான மனப்பான்மை என்று அரசியல் சட்டம் சொல்வது அதைத்தான்.

எங்கே காட்டுவது என்பது அடுத்த கேள்வி. அரங்கத்துக்கு மக்களை அழைப்பதைவிட, மக்கள் கூடும் இடத்துக்குக் கருவியைக் கொண்டு செல்வதே மேல் என்று நிரூபித்தவர் ஜான் டாப்சன். சான்பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சார்ந்த வேதாந்த சங்கத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் துறவியாக வாழ்ந்தவர் அவர். கப்பல் ஜன்னல்களின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயும் பலகையும் கொண்டு கருவியை அமைத்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேறிய பின், தெரு மூலையில் அதை நிறுத்திப் போவோர் வருவோரையெல்லாம் பார்க்க அழைத்தார். அவர் பெயரால் வழங்கும் எளிய மரத் தாங்கி இன்று உலகெங்கும் ஆர்வலர்களின் கருவியாகி விட்டது. இந்தியத் தச்சர் எவரும் ஒரு நாளில் செய்து தரக் கூடியது அது.

நம் நாட்டில் தெரு மூலையைவிடத் திருவிழா மைதானம் உசிதமானது. சிவராத்திரியை எடுத்துக் கொள்ளலாம். தேய்பிறைச் சதுர்த்தசியாதலால் விடியும் வரை நிலவு இல்லை, வானம் இருண்டிருக்கும். மக்கள் தாமாகவே இரவு முழுதும் விழித்திருக்கிறார்கள். மாலையில் உச்சியை ஒட்டி நிற்கும் மிருகசீரிஷமும் திருவாதிரையும் நள்ளிரவில் மேற்கே சாய்வதையும், விடியலுக்கு முன் விருச்சிகம் தென்கிழக்கில் எழுந்து நிற்பதையும் ஒரே இரவில் காட்டிவிடலாம். பூமி சுழல்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் எந்தப் பாடநூலிலும் இல்லை. மகாராஷ்டிரத்தின் கோஜாகிரி பௌர்ணமி, தமிழகத்தின் கார்த்திகை தீபம், தைப்பூசம் ஆகிய யாவும் நிலவு இன்ன விண்மீனருகே நிற்கும் நாட்களே. மாதத்தின் பெயர் வானத்திலிருந்து வந்தது என்று காட்டும்போது, கேட்பவர் தம் மரபு பறிக்கப்படுவதாக எண்ணுவதில்லை. அதன் பொருள் திரும்பக் கிடைத்ததாகவே மகிழ்கிறார்.

இங்கே சோதிடம் பற்றிய கேள்வி எழாமல் இராது. எழும்போது நழுவிச் செல்வது சரியன்று. மேடையில் சோதிடரைப் பழிப்பதும் பயன் தராது. கிரகணம் எப்போது என்பதைப் பஞ்சாங்கமும் வானாய்வுக் கூடமும் கணிக்கின்றன. இரண்டின் நேரத்தையும் கரும்பலகையில் எழுதி வைத்து, கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கும்படி மாணவர்களிடம் விடலாம். கிரகணத்தின் பலன் என்று அச்சிட்டிருப்பதையும் அவ்வாறே எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லலாம். தீர்ப்பை அவர்களே சொல்லட்டும்.

கண் பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நல்லெண்ணமே தீங்காக முடிந்ததுண்டு. சூரியனை நேரே நோக்கினால் விழித்திரை கருகும். விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லாததால் பார்ப்பவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இது எல்லா நாளுக்கும் பொருந்திய உண்மை. மற்ற நாட்களில் கூசும் ஒளியே நம்மைக் காக்கிறது. கிரகணத்தன்று ஒளி குறைந்து, ஆவலும் மிகுவதால் ஆபத்து நேர்கிறது. கிரகண நாளின் கதிரில் தனி விஷம் ஏதும் இல்லை. ஆனால் பல எச்சரிக்கைகள், கிரகணத்தைப் பார்க்காதீர்கள் என்ற ஒரே வரியோடு நின்று விடுகின்றன. ராகு தீண்டும் என்று அஞ்சிக் கதவடைத்தவர், டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள் என்று தேறுதல் அடைகிறார். 1980இல் அச்சமும் எச்சரிக்கையும் இவ்வாறு கைகோத்துக் கொண்டன. கர்ப்பிணிப் பெண்கள் உணவின்றி, நீரின்றி, அசையாமல் அறைக்குள் அடைந்து கிடக்கும் கொடுமை இன்றும் பல இடங்களில் தொடர்கிறது. வெயில் நாளில் ஒரு கர்ப்பிணி பல மணி நேரம் தண்ணீர் அருந்தாதிருப்பது உடலுக்குக் கேடு. கிரகணத்தின்போது அவர் உண்பதால் எந்தக் கேடும் இல்லை. இந்தச் செய்தியைச் சங்கத்தின் இளைஞர் சொல்வதைவிட, ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியர் சொன்னால் வீட்டுக்குள் நுழையும். கிரகணத்துக்கு ஒரு மாதம் முன்பே செவிலியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் சந்திப்பதைச் சங்கங்கள் வேலைத்திட்டத்தின் முதல் வரியாகக் கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கான சாதனங்களிலும் தெளிவு வேண்டும். புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், நீரில் விழும் பிரதிபிம்பம் ஆகியவை ஏற்கத் தக்கவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் சர்வதேசத் தரத்துக்கு இணங்கிய கண்ணாடியோ, 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடியோ போதும். தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் இத்தகைய கண்ணாடியை வைத்துப் பார்ப்பதோ பேராபத்து. வடிகட்டி குழாயின் முன் வாயில்தான் பொருத்தப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவான முறை ஒன்று உண்டு. சிறு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் கருப்புத் தாளை ஒட்டி, நடுவே ஒரு சென்டிமீட்டர் அளவு துளை விட வேண்டும். அதை வெயிலில் வைத்து, எதிரொளியை இருண்ட அறையின் சுவரில் விழச் செய்தால், சூரியனின் உருவமே சுவரில் தோன்றும். சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமாகத் தெரிவதால், பத்து மீட்டர் தூரத்தில் உருவம் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். இருபது மீட்டரில் அதைப் போல் இரு மடங்கு. வகுப்பே கண்ணுக்கு ஆபத்தின்றி ஒரே நேரத்தில் பார்க்கலாம். செலவு சில ரூபாய். வேப்ப மரத்தடியில் நின்றாலும் போதும். இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளையாகி, தரையெங்கும் பிறைச் சூரியன்களைச் சிதறும்.

கிரகணம் இல்லாத ஆண்டில் என்ன செய்வது என்று கேட்கும் சங்கங்களுக்கு நிழலில்லா நாள் ஒரு கொடை. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள இந்திய ஊர்கள் யாவற்றிலும் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நடுப்பகலில் நேர் உச்சியை அடைகிறது. அப்போது செங்குத்தான கம்பத்துக்கு நிழல் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய தேதிகளை ஒட்டியும், கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் இது நேரும். சென்னைப் பள்ளி ஒன்றும் கன்னியாகுமரிப் பள்ளி ஒன்றும் கடிதத்தாலோ தொலைபேசியாலோ கூட்டுச் சேர்ந்து கொண்டால், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவில் எரட்டோஸ்தனிஸ் செய்த சோதனையைச் செய்துவிடலாம். சென்னையில் கம்பத்தின் நிழல் மறையும் ஏப்ரல் 24 அன்று, கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்பின் நடுப்பகல் நிழல் ஒன்பது சென்டிமீட்டர் அளவில், அதுவும் தெற்கு நோக்கி விழும். இது ஐந்து பாகைக் கோணம். வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்கான தூரம் ஏறத்தாழ 555 கிலோ மீட்டர். முழு வட்டத்தில் ஐந்து பாகைகள் எழுபத்திரண்டு. பெருக்கினால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோ மீட்டரை எட்டுகிறது. ஒரு கம்பும் ஒரு அளவுகோலும் கொண்டு தாங்கள் நிற்கும் உலகத்தையே அளந்த மாணவர்கள், அதை எளிதில் மறப்பதில்லை.

கருவி வாங்கப் பணம் இல்லை என்பது பல சங்கங்களின் முறையீடு. அதில் நியாயம் உண்டு. ஆயினும் ஆடியைத் தாமே தேய்த்துக் கொள்வது இந்திய ஆர்வலர்களிடையே நன்கு வேரூன்றிய பழக்கம். புனேயிலும் பெங்களூரிலும் இதற்கான பயிற்சி முகாம்கள் நடந்துள்ளன. சம அளவுள்ள இரு கண்ணாடித் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்த்தால், மேல் தட்டு குழிந்தும் கீழ்த் தட்டு குவிந்தும் வரும். கரட்டுத் தூளில் தொடங்கி, மென்மையான தூள் வரை படிப்படியாகச் சென்று, இறுதியில் கீல் பரப்பின் மேல் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்ற வேண்டும். ஒரு மில்லி மீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையே அதன் பரப்பில் அனுமதிக்கத் தக்கது. சவர பிளேடும் விளக்கும் கொண்ட ஃபூக்கோ சோதனை அந்தப் பிழையைக் கண்ணுக்குக் காட்டி விடுகிறது. கைத்தொழில் மாணவனும் கல்லூரி மாணவனும் சமமாக அமர்ந்து செய்யும் வேலை இது. பல வேளைகளில் முன்னவன் கையே தேர்ந்ததாக இருக்கும். அலுமினியப் பூச்சுக்கு மட்டும் வெற்றிட அறை தேவை. ஆராய்ச்சி நிலையங்கள் ஆண்டில் சில நாட்களைச் சங்கங்களின் ஆடிகளுக்கென ஒதுக்குமானால், செலவு சிறிது, பயன் பெரிது.

கருவி இருந்தும் பயன்படாத நிலை அதைவிட வருந்தத் தக்கது. பள்ளிக்கு வழங்கப்பட்ட தொலைநோக்கி பீரோவில் பூட்டிக் கிடப்பதைக் காணாதவர்கள் குறைவு. உடைந்தால் யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வி அதைச் சிறை வைத்து விடுகிறது. கருவியைக் கொடுப்பதோடு, அதைக் கையாண்டு பழகிய ஆசிரியர் இருவரையும், பழுதானால் நாடக்கூடிய ஒரு சங்கத்தையும் சேர்த்துக் கொடுக்கும் முறை வகுக்கப்பட்டால் அன்றி இந்தப் பூட்டு திறவாது.

வானியலும் ஊரின் பிழைப்பும் இணைந்த முயற்சி ஒன்று லடாக்கில் நடந்து வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில் இந்திய வான்பௌதிக நிலையம் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை நிறுவியுள்ளது. அதைச் சூழ்ந்த பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஆண்களும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் வானியல் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று, தொலைநோக்கிகளும் பெற்றுள்ளனர். பயணிகள் அவர்கள் வீடுகளில் தங்குகிறார்கள். இரவில் அவர்களே வானத்தைக் காட்டுகிறார்கள். விளக்கை மூடாக்கிட்டு வைப்பது அவர்களுக்கு மேலிடத்து உத்தரவாகத் தோன்றாது, ஏனெனில் இருட்டே அவர்களது மூலதனம். சமவெளி நகரங்களில் இத்தகைய இருளை எதிர்பார்க்க முடியாது. எனினும் தெரு விளக்கின் ஒளியைத் தரையை நோக்கித் திருப்பும் மூடியினால் மின்சாரமும் மிஞ்சும், வானமும் தெரியும் என்பதைச் சங்கங்கள் தம் நகராட்சியிடம் எடுத்துச் சொல்லலாம். சொல்ல வேறு எவரும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளின் வானக் குறிப்பேடு இப்பணிக்குச் சாதகமாகவே இருக்கிறது. 2027 ஆகஸ்ட் 2 அன்று வட ஆப்பிரிக்காவில் முழுமையாகும் கிரகணம் இந்தியாவின் பெரும்பகுதியில் மாலை வேளையில் பகுதியாகத் தெரியும். 2031 மே 21 அன்று கங்கண கிரகணத்தின் பாதை கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து வட இலங்கையை அடையும். 2034 மார்ச் 20 அன்று முழுக் கிரகணத்தின் நிழல் ஜம்மு காஷ்மீர், லடாக் மலைகளைத் தொடும். மே மாதம் தென் மாவட்டங்களில் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால், 2031இல் மாணவர்களைப் பள்ளி வழியாகத் திரட்டுவது இயலாது. 2010 ஜனவரி 15 அன்று ஏறத்தாழப் பத்து நிமிடம் நீடித்த கங்கண கிரகணத்துக்குத் தனுஷ்கோடிக்கும் கன்னியாகுமரிக்கும் நாடெங்கிலுமிருந்து கூட்டம் வந்தது. அடுத்த முறை வெளியூரார் வருவதற்கு முன், பாதையில் உள்ள ஒவ்வோர் ஒன்றியத்திலும் கண்ணாடித் துண்டும் கருப்புத் தாளும் கொண்டு சூரியனைச் சுவரில் விழச் செய்யத் தெரிந்த பத்துப் பேராவது இருக்க வேண்டும். அவர்களைத் தேடும் வேலையை வரும் வளர்பிறை அஷ்டமியன்றே தொடங்கி விடலாம்.